புகார்ப் பிரிவில் ஒரு பொன்னாடை

ஃப்ரிட்ஜ் கம்பெனியின் புகார்ப் பிரிவை குடோன் மூலையில் ஒற்றை போனோடு ஆரம்பித்தவள் சுகந்தி. ஞாயிற்றுக்கிழமைகூட அவளுக்கு அதே நினைப்புத்தான். எரிந்து விழுகிறவர்களை முழுதாகப் பேசவிட்டு, கடைசியில் "சாப்பிட்டீங்களா?" என்பாள். எப்பேர்ப்பட்ட கோபக்காரரும் அதோடு அடங்கிவிடுவார்.

அந்தக் குரலையும் பொறுமையையும் கம்ப்யூட்டர் திரைக்குள் ஒரு நகலாக ஏற்றிக்கொண்ட கையோடு, கம்பெனி அவளுக்குப் பிரிவுபசார விழா வைத்தது.

"சுகந்தி மேடம் எங்கேயும் போகலை, இங்கேதான் இருக்காங்க!" என்று முழங்கிய முதலாளி, பொன்னாடையைத் திரைக்குப் போர்த்தினார். ஏற்புரையையும் நகலே ஆற்றியது. சரியான இடத்தில் அதன் குரல் தழுதழுக்க, எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். போட்டோவுக்கு மறைக்கிறது என்று சுகந்தியைத் தள்ளி நிற்கச் சொன்னார்கள். மிக்சர் மட்டும் அவளுக்கே கிடைத்தது, நகல் சாப்பிடாது.

பொருமிக்கொண்டே வீடு வந்தவளை, கணவர் தனபால் முகமெல்லாம் சிரிப்பாக வரவேற்றார்.

"மத்தியானம் ஆபீசுக்குப் போன் பண்ணினேனே, என்னமாப் பேசினே!"

"அது நானில்லைங்க, அந்த மெஷின்," என்று சீறினாள். "அப்படி என்ன பேசிடுச்சு?"

"சாப்பிட்டீங்களான்னு கேட்டுச்சு."

சுகந்தி கைப்பையை இறக்கி வைத்தாள். பகலெல்லாம் ஊராரிடம் கேட்ட கேள்வி, வீட்டு வாசலுக்கு வருவதற்குள் தினமும் தீர்ந்துபோயிருந்தது.

"நாளையிலிருந்து வீட்டிலேதானே இருக்கப்போறேன். நானே கேட்கிறேன்."

தனபால் கொஞ்சம் யோசித்தார்.

"உனக்கு எதுக்குச் சிரமம்? நான் அங்கேயே கூப்பிட்டுக்கறேன்."