ஏழாம் அறையின் வெள்ளிக்கிழமை

சமோவாவின் அந்தச் சிறு ஆஸ்பத்திரியில் கூரைமேல் இருந்த பெட்டி கம்பியில்லாமல் நேரத்தை அனுப்ப, இருபத்து மூன்று சுவர்க்கடிகாரங்களும் அதன்படி ஓடின. ஏழாம் அறைக் கடிகாரம் மட்டும் மணியைச் சரியாகக் காட்டிவிட்டுத் தேதியில் பிசகியது. வெள்ளி, 30 டிசம்பர் 2011.

பழுதுபார்க்க வந்த அபேலு பாட்டரியை மாற்றினான். தாழ்வாரத்துக்குக் கொண்டுபோனால் இன்றைய தேதி வந்தது. பழைய ஆணியில் மாட்டியதும் மறுபடி அதே வெள்ளிக்கிழமை.

“அப்படி ஒரு நாளே நமக்குக் கெடையாதே, சிஸ்டர். அன்னிக்குப் பொறந்தநாள் வந்தவங்க கேக் வெட்டாமலே வயசாகிப் போனாங்க.”

சர்வதேசத் தேதிக்கோட்டின் மறுபக்கத்துக்கு மாறிய அந்த வருஷம், நாடே வியாழன் இரவு படுத்துச் சனி காலையில்தான் எழுந்தது.

நர்ஸ் மசினா கடிகாரத்தின் கீழிருந்த காலிக் கட்டிலைப் பார்த்தாள். “எங்கம்மா இதுலதான் கெடந்தாங்க. நாளைக்கு உனக்குத் தலைவாரி விடறேன்டின்னு வியாழக்கெழமை சொன்னாங்க. சனிக்கெழமை விடியறப்ப இல்ல.”

“வேற ஆணி அடிச்சு மாட்டிரட்டுமா?”

அவள் மெத்தை விரிப்பை இழுத்துச் சுருக்கமில்லாமல் நீவினாள்.

அபேலு வேனிலிருந்து சுத்தியல் எடுத்துவர ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். மசினா கட்டிலின் ஓரத்தில் தனியாக உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து கலைந்து கிடந்த அவளுடைய கருங்கூந்தல் வழித்து வாரி முடியப்பட்டிருந்தது. காதோரம் ஒரு பூ. அவளுக்குப் பின்னால் மெத்தையில் ஓர் ஆள் உட்கார்ந்தெழுந்த பள்ளம். அதில் கிடந்த சீப்பில் இரண்டு நரைமுடிகள்.