வலது பக்கத்து மாடு

உழவு மாடுகளை அலங்கரித்து ஊர்வலம் விடும் போளா பண்டிகைக் காலை. பருத்தி பொய்த்து, ஜோடியில் ஒரு மாட்டை விற்ற நாளிலிருந்து பாவுராவ் யாரிடமும் பேசவில்லை. பதினொரு நாளாகிறது. பூச்சிமருந்து டப்பாக்கள் வீட்டில் இருப்பதற்கே பயந்து, அவற்றை அவர் மனைவி ஷேவந்தா பக்கத்து வீட்டுக் குலாபிடம் கொடுத்து வைத்திருக்கிறாள். மிஞ்சிய மாடு சர்ஜா, நுகத்தின் வலது பக்கத்துக்குப் பழகியது. கொட்டகையில் இன்றும் இடது பக்கம் இன்னொரு மாட்டுக்கு இடம் விட்டே நிற்கிறது. அதன் கழுத்தில் தடவ வைத்த நெய்யும் மஞ்சளும் பாவுராவின் காலடியில் தொடப்படாமல் இருக்கின்றன. அடுப்பில் போளியைப் போட்டுவிட்டு ஷேவந்தா கொட்டகை வாசலுக்கு வந்து நிற்கையில், குலாப் தன் மாட்டை ஓட்டிக்கொண்டு வருகிறான். "என்னோடதும் ஒண்டிக்கட்டைதான் அண்ணி. ஊர்வலத்துக்கு ரெண்டையும் ஜோடி போட்டுடலாம்." தன் மாட்டைச் சர்ஜாவின் வலப்பக்கம் தள்ளுகிறான். சர்ஜா முரண்டு பிடித்து, சுற்றி வந்து, தானே வலப்பக்கம் நிற்கிறது. கழுத்து மணிகள் குலுங்குகின்றன. குலாப் மறுபடியும் அதையே செய்கிறான். "அடேய் மடையா!" பாவுராவின் குரல் கரகரக்கிறது. "இடது பக்கம் நிறுத்துடா. உங்கப்பன் இதுகூடச் சொல்லித்தரலையா?" குலாப் திரும்பிப் பார்க்கவில்லை. "எனக்கெங்க தெரியும்ணா? நீயே வந்து நிறுத்து." பாவுராவ் எழுந்து, நெய்யில் விரல் தோய்த்து, சர்ஜாவின் கழுத்தில் காய்த்துப்போன இடத்தை மெதுவாகத் தேய்க்கிறார். "ஷேவந்தா, போளி கருகுது." "ஆமாங்க," என்கிறாள் அவள், நின்ற இடத்தைவிட்டு நகராமல்.