இடது மணிக்கட்டு

துப்பாக்கி வெடிக்க இன்னும் இரண்டு நிமிடம் இருந்தது. டீச்சர் தன் வலது கையை வர்ணனையாளரின் இடது மணிக்கட்டின் மேல் வைத்துக்கொண்டாள்.

டீச்சர் எந்தப் பள்ளியிலும் பாடம் நடத்தியவள் அல்ல. வானொலியில் விளையாட்டு வர்ணனை செய்பவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விவரம் எடுத்துக் கொடுப்பது அவள் வேலை. ஓர் ஆண்டைத் தப்பாகச் சொன்னாலும் மேஜைக்கு அடியில் அவர் காலை மிதித்துவிடுவாள். அதனால் அவர் வைத்த பெயர் அது.

இருபத்திரண்டு வருடமாக அதே பெயர், அதே இரண்டு நாற்காலிகள். மைதானங்கள்தான் மாறின.

மூன்று வருடமாக இன்னொரு வேலையும் சேர்ந்துகொண்டது. அவருக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. எழுத்தெல்லாம் கலங்கிவிடும், தூரத்தில் ஓடுபவர்கள் வெறும் வண்ணப் புள்ளிகள்.

ஒரு தட்டு என்றால் முதல் லேன். இரண்டு தட்டினால் இரண்டாவது. கட்டைவிரலை அழுத்தினால் ஐந்து, அதற்குமேல் ஒவ்வொரு தட்டுக்கும் ஒன்று கூடும். யார் முந்துகிறாளோ அவள் எண் மணிக்கட்டுக்குப் போகும். அடுத்த நொடி அந்த வெண்கலக் குரலில் ஏறி நாடு முழுக்கப் போய்விடும்.

இது அவர்கள் இரண்டு பேரைத் தவிர ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது.

படியில் இறங்கும்போது அவர் அவள் முழங்கையைப் பிடித்துக்கொள்வார். பார்த்தவர்கள் வாய்க்கு வந்ததைப் பேசினார்கள். பேசிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

இன்றைக்குப் பெண்கள் நானூறு மீட்டர் இறுதி ஓட்டத்தோடு அவருக்கு ஓய்வு. ஒரு பெயர் மாறினாலும் போச்சு. நாற்பது வருடமாகச் சேர்த்த பேர் ஒரே நிமிடத்தில் காற்றில் போய்விடும். கண் தெரியாதவரையா இத்தனை நாள் மைக் முன்னால் உட்கார வைத்திருந்தீர்கள் என்று நாளைக்கே கேட்பார்கள். இந்த ஒரு ஓட்டத்தை மட்டும் கரையேற்றிவிட்டால் போதும் என்று அவள் வேண்டிக்கொண்டாள்.

அவர்கள் சேர்ந்து உட்கார்ந்த முதல் போட்டியில் கூரை ஒழுகியது. ஒரு கையில் மேஜைக்குக் குடை பிடித்துக்கொண்டு, மறு கையால் அட்டைகளை எடுத்துக் கொடுத்தாள். ஓட்டக்காரி ஒவ்வொருத்திக்கும் ஓர் அட்டை. ஊர், வயது, எந்தக் காலில் அடி, அம்மா என்ன வேலை செய்கிறார் என்று எல்லாம் அவள் கையெழுத்தில் இருக்கும். ஈர அட்டையில் மை ஓடி ஒரு பெண்ணின் ஊரே அழிந்துபோக, அவர் கொஞ்சமும் அசராமல் "மழைக்குப் பேர்போன ஊர்க்காரி" என்று அடித்துவிட்டார். அன்று அவள் மிதித்த மிதியில் இரண்டு நாள் நொண்டினார்.

எவ்வளவு நல்ல நாட்கள் அவை. இப்போது ஆளுக்கொரு கணினித் திரை, விவரமெல்லாம் அதிலேயே வந்துவிடும். பக்கத்து வரிசை வர்ணனையாளர்கள் எல்லோரும் ஒற்றை நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார்கள். இவர் மட்டும் டீச்சர் இல்லாமல் ஓடாது என்று மேலிடத்தில் அடம்பிடித்து இரண்டாவது நாற்காலி வாங்கிவிடுவார். ஏன் என்று அவளுக்குத் தெரியும்.

துப்பாக்கி வெடித்தது.

நான்கு. நான்கு. பிறகு கட்டைவிரலோடு ஒரு தட்டு, ஆறு. குரல் ஒரு மயிரிழைகூடப் பிசகாமல் விரலோடு வந்தது.

கடைசி வளைவில் அவர் ஆறாவது லேன் பெண்ணைப் பற்றிச் சொன்னார். பழைய திரைச்சீலையை வெட்டி அம்மா தைத்துக் கொடுத்த கால்சட்டையில்தான் அவள் முதல் பந்தயம் ஓடினாள் என்றார்.

அது டீச்சர் ஆறு வருடம் முன்பு ஓர் அட்டையில் எழுதியது. எந்தத் திரையிலும் கிடையாது. இனி அவள் எழுதியதை இப்படி எடுத்துச் சொல்ல ஆள் இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. கண் நிரம்பி, எட்டுப் பெண்களும் ஒரே கலங்கலாகிவிட்டார்கள்.

துடைத்துக்கொள்ள நேரமில்லை. கோட்டருகே முன்னால் தெரிந்த கலங்கலை நம்பி, கட்டைவிரலை அழுத்தி ஒன்று தட்டினாள். ஆறு.

அவர் மூன்றாவது லேன் பெண்ணின் பெயரைச் சொன்னார்.

நெஞ்சளவு முன்னால், மூன்றாவது லேன், தங்கம் அவளுக்குத்தான் என்று குரல் உச்சத்தில் ஏறியது.

டீச்சருக்கு உயிரே போய்விட்டது. பதற்றத்தில் தட்டை மாற்றிப் புரிந்துகொண்டார், கடைசி நாளில் கவிழ்ந்துவிட்டார் என்று நினைத்தாள். காலை மிதிக்கக்கூடத் தோன்றவில்லை.

பெரிய பலகையில் முடிவு வந்தது. மூன்றாவது லேன். ஆறாவதை விட நொடியில் நூற்றில் இரண்டு பங்கு முன்னால்.

அவள் தன் கட்டைவிரலைப் பார்த்தாள். அழுத்தியது ஆறுதான், சந்தேகமில்லை.

அவர் நேயர்களுக்கு நன்றி சொல்லி, மைக்கை அணைத்து, ஹெட்போனைக் கழற்றினார். அவள் மூக்கைக்கூட உறிஞ்சவில்லை. சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தாள்.

"முதல்ல கண்ணைத் துடைங்க டீச்சர். கீழ எல்லாரும் காத்திட்டிருக்காங்க."

அவள் துடைக்கவில்லை. மூன்று வருடத்துக்கு முந்தைய ஒரு மதியம் அவள் முன்னால் வந்து நின்றது. மேஜைகளில் திரைகளைப் பொருத்திய வாரம் அது. இனி என் அட்டைகளுக்கு இங்கே என்ன வேலை என்று முடிவெடுத்து, அதைச் சொல்லத்தான் அவர் அறைக்குப் போயிருந்தாள். அவள் வாய் திறக்கும் முன் அவர் முந்திக்கொண்டார்.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க டீச்சர். எனக்குக் கண்ணு சரியாத் தெரியல."

அப்போது அவள் மடியில் கைப்பை திறந்து கிடந்தது. அதற்குள் அவளுடைய ராஜினாமாக் கடிதம், எழுத்து மேலே தெரியும்படி இருந்தது.