பன்னிரண்டாவது வார்டுத் தண்ணீர்

புதுச் சட்டம் அப்படி. எந்த வார்டின் தண்ணீர்க் குறையைப் பற்றி மன்றத்தில் கேள்வி எழுகிறதோ, அது தீரும்வரை அந்த வார்டுக்கு வருகிற தண்ணீர்தான் நகராட்சித் தலைவர் வீட்டுக் குழாயிலும் வரும். வால்வு தானாகவே திரும்பிக்கொள்ளும்; யாரும் கை வைக்க முடியாது.

பன்னிரண்டாவது வார்டு கவுன்சிலர் சண்முகவடிவு அந்தச் சட்டத்தை மலைபோல் நம்பியிருந்தாள். எட்டு நாளைக்கு ஒருமுறைதான் குழாயில் தண்ணீர் வருகிறது என்று அவள் கேள்வி கேட்டு ஒரு மாதம் ஆகிவிட்டது. ஒன்றும் நடக்கவில்லை. இந்தக் கூட்டத்தில் மறுபடியும் எழுந்தாள்.

"உங்க வீட்டுலயும் இப்ப எங்க நெலமதான, தலைவரே. கஷ்டம் தெரியலையா?"

தலைவர் திரவியம் நிதானமாகச் சொன்னார். "உள்ளதச் சொல்லுதேன். ஒரு கஷ்டமும் தெரியல. வீட்டுல தொட்டி நெறஞ்சுதான் கெடக்கு."

அவர் பொய் சொல்வதாகத் தெரியவில்லை. அதுதான் அவளுக்கு உறுத்தியது.

மறுநாள் காலை சண்முகவடிவு போனபோது, வார்டில் மிச்சமிருந்த ஒரே அடிபம்பில் இசக்கியம்மாள் தள்ளுவண்டி நிறையக் குடங்களோடு நின்றிருந்தாள்.

"உங்க வீட்டுல ரெண்டு பேருதான? எதுக்கு இத்தன கொடம்?"

"எங்களுக்கு நாலு போதும்க்கா. மிச்சம் சேர்மன் வீட்டுக்கு. அங்கதான வேல பாக்கேன். நீங்க கேள்வி கேட்டதுலருந்து அங்கயும் எட்டு நாளைக்கு ஒருக்காதான் தண்ணி வருது."

இசக்கியம்மாள் பம்பை அடித்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்.

"கோவிச்சுக்கிடாதீங்கக்கா. கை ரெண்டும் கழண்டு போவுது. அந்தக் கேள்விய வாபஸ் வாங்கிருங்களேன்."