டம்ளரில் இறங்கும் வெள்ளை நூல்

அன்னூர்த் தக்காளிக் காட்டில் காலை வெயில் ஏறுகிறது. பச்சை மாறாமலே துவண்டுபோன செடியொன்றின் தண்டை வெட்டி, கண்ணாடி டம்ளர் தண்ணீரில் தொங்கவிடுகிறாள் பயிர்நோய் ஆய்வாளர் ஃபெமினா. வெட்டுவாயிலிருந்து வெள்ளை நூலொன்று மெல்ல இறங்குகிறது. "அத்தனையும் பாக்டீரியாங்க அக்கா. எதிரின்னு செடி கண்டுபுடிக்கிற அடையாளத்தையே மாத்தி வெச்சுக்கிட்டு உள்ள வந்துருதுங்க. சண்டை போடணும்னே செடிக்குத் தெரியறதில்லீங்க." செடி வைத்த கருப்பாத்தாள் டம்ளரை வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்க்கிறாள். நூல் அறுபடவில்லை. "தாகம்னு நெனச்சு நாலு நாளா தண்ணி கட்டிப்போட்டனுங்க, அம்மணி." "தண்ணி வழியாத்தானுங்க அது அடுத்த செடிக்குப் போகும்" என்கிறாள் ஃபெமினா, குரலைத் தாழ்த்தி. டம்ளரைக் கீழே வைக்க மறந்து திரும்புகிறாள் கருப்பாத்தாள். விடிந்ததும் அவள் திறந்துவிட்ட மடைத் தண்ணீர், வெயிலில் மினுங்கியபடி, வாடாத வரிசைகளுக்குள் நுழைந்துகொண்டிருக்கிறது.