கன்னத்துப் பள்ளம்

கரும்பைச் சுவரில் சாய்த்துவிட்டு அண்ணன் நிமிர்ந்தான்.

அவள் இடது கன்னத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிக் காட்டினாள்.

மூன்று நாளாக இதற்குத்தான் காத்திருந்தாள். பொங்கல் சீரோடு அண்ணன் வருவான். பார்ப்பான். கேட்க வேண்டியதைக் கேட்பான். அவளால் வாய் திறக்க முடியாது. கணவன் நிலைப்படியில் சாய்ந்து நிற்கிறான். அவளுடைய போன் அவன் சட்டைப்பையில் இருக்கிறது.

"என்ன இப்பிடி மெலிஞ்சுட்ட? கன்னமெல்லாம் ஒட்டிப் போச்சு" என்றான் அண்ணன்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அண்ணனுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்று. கையில் வந்த ரயில்வே வேலை கண் பரிசோதனையில்தான் போனது. சீர்ச் சேலையின் நிறம்கூடக் கடைக்காரர் சொல்லித்தான் அவனுக்குத் தெரியும்.

காலையில் அவள் கண்ணாடியில் பார்த்திருந்தாள். நடுவில் கருஞ்சிவப்பு. ஓரத்தில் பச்சை. யார் பார்த்தாலும் அடி என்று தெரியும்.

அந்த நிறங்களை எடுத்துவிட்டால் மிஞ்சுவது கொஞ்சம் இருட்டு. நிறம் மாறாமல் இருட்டினால் கண் அதை நிழல் என்று எடுத்துக்கொள்ளும். கன்னத்தில் நிழல் என்றால் பள்ளம். அவன் கண்ணைக் குறை சொல்லி என்ன செய்வது.

கணவனின் விறைத்த தோள் இறங்கியது. சிரிப்புக்கூட வந்தது.

"நல்லாச் சொல்லுங்க மச்சான். சாப்பிடுன்னா கேக்கவே மாட்டேங்கிறா."

அண்ணன் சொன்னான். முட்டை சாப்பிடச் சொன்னான். பேரீச்சம்பழம் சாப்பிடச் சொன்னான். நடுவில் இரண்டு முறை பொங்கல் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

அவன் மேல் அவளுக்குக் கோபம் வந்தது. அழுகையும் வந்தது. அடக்கிக்கொண்டு பரிமாறினாள்.

நாலரைக்கு பஸ். போனால் இனி அடுத்த பொங்கலுக்குத்தான் வருவான்.

அண்ணன் வாசலில் இறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டான்.

அவள் பின்னாலேயே போய் அவன் கையைப் பிடித்தாள். விரல்களைத் தன் கன்னத்தில் வைத்து அழுத்தினாள். உயிர் போகிற மாதிரி வலித்தது. கையை விடவில்லை.

விரல்கள் பள்ளத்தைத் தேடின.

அங்கே மேடு இருந்தது. சூடாக இருந்தது.

லேசாகத் தடவிப் பார்த்தான். அதன் ஓரம் எதுவரை போகிறது என்று பார்த்தான். பிறகு வலது கன்னத்தையும் தொட்டுப் பார்த்தான்.

"இதை விட்டா அடுத்த பஸ் ராத்திரிதான் மச்சான்" என்றான் கணவன்.

அண்ணன் குனிந்து செருப்பைக் கழற்றினான்.