மூன்றாவது சாட்சி

"அக்கா, ஒரே ஒரு கையெழுத்து. போட்டுட்டுப் போயிடுங்கக்கா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"

அந்தப் பெண் ஜெராக்ஸ் அக்காவின் கையைப் பிடித்துத் திருமணப் பதிவு அலுவலகத்துக்குள் இழுத்துக்கொண்டு போனாள். எதிரே கடை போட்ட நாளிலிருந்து எத்தனையோ பேர் அக்காவைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஓடி வந்த ஜோடி என்றால் அக்காவுக்குக் கொள்ளை இஷ்டம். வியாபாரத்தை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவாள்.

"கல்யாணம் உனக்காம்மா?"

"எனக்கில்லக்கா. எங்க அப்பாவுக்கு!"

அக்கா வாசலிலேயே நின்றுவிட்டாள். உள்ளே பெஞ்சில் தலை நரைத்த மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஐம்பதைத் தாண்டிய மணப்பெண். இளைய மகள் குனிந்து மணப்பெண்ணின் முகத்து வியர்வையைக் கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டிருந்தாள்.

காலம் கெட்டுத்தான் கிடக்கிறது என்று அக்கா மனசுக்குள் பொருமினாள். தன்னை இழுத்து வந்த பெரியவளை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனாள்.

"ஏம்மா, இது உங்க அம்மாவுக்குத் தெரியுமா?"

"யோசனை சொன்னதே அம்மாதான்க்கா."

"அடிப்பாவி!"

பெரியவள் கடிகாரத்தைப் பார்த்தபடி மளமளவென்று சொன்னாள். "எங்க வீட்ல ஆம்பளப் பிள்ளை இல்லக்கா. எங்க மத முறைப்படி, அப்பாவுக்கு அப்புறம் வீட்ல சித்தப்பாவுக்கும் பங்கு உண்டு. அவர் எங்களை வெளிய தள்ளிட்டு வீட்டையே வித்துடுவார். எல்லா மதத்துக்கும் பொதுவான சட்டத்துல கல்யாணம் முடிச்சவங்களுக்கு அந்த முறை கிடையாது. பொண்டாட்டி பிள்ளைங்களுக்குத்தான் எல்லாம். நாளைக்கு அப்பாவுக்கு நெஞ்சுல ஆபரேஷன். அதுக்குள்ள முடிச்சாகணும். மூணு சாட்சி வேணுமாம். மூணாவதா வரேன்னு சொன்ன அப்பாவோட சிநேகிதர், சித்தப்பாவுக்குப் பயந்து போனையே அணைச்சு வச்சிட்டார்."

ஒரு வீட்டுக்காகப் பெற்றவளை ஓரங்கட்டுவார்களா? அக்காவுக்கு வயிறு எரிந்தது. அவளுடைய புருஷனும் இன்னொருத்தியைச் சேர்த்துக்கொண்டு அவளை நடுத்தெருவில் நிறுத்தியவன்தான்.

பதிவாளர் அம்மா எல்லோரையும் கூப்பிட்டார். மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டார். மணப்பெண் போட்டாள். இரண்டு மகள்களும் சாட்சிக்குப் போட்டார்கள். கடைசியில் பேனா அக்காவிடம் வந்தது. அவள் அதை மேசைமேல் வைத்துவிட்டாள்.

"நான் போட மாட்டேன். இன்னொருத்தி வயித்தெரிச்சலைக் கொட்டிக்க நான் தயாரா இல்ல."

பெரியவளுக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் கதவு படாரென்று திறந்தது.

"நிறுத்துங்க!"

சித்தப்பாதான். அவருக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது.

பதிவாளர் நிமிர்ந்து பார்த்தார். "ஆட்சேபணையா? மத முறை, குடும்ப மானம்னு ஆரம்பிச்சீங்கன்னா இங்க எடுபடாது சார். சட்டப்படி காரணம் இருக்கா?"

"சட்டப்படியே இருக்கு மேடம்! எங்க அண்ணனுக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆயிருச்சு. கட்டின பொண்டாட்டி குத்துக்கல்லாட்டம் உயிரோட இருக்காங்க!"

"அப்படிப் போடுங்க!" என்று துள்ளினாள் அக்கா. "அந்த மகராசி எங்க இருக்கா? உடனே கூட்டிட்டு வாங்க. அவளுக்காக வேணா எத்தனை கையெழுத்து வேணும்னாலும் போடறேன்!"

"கூட்டிட்டு வேற வரணுமா?" சித்தப்பா விரலை நீட்டினார். "இதோ, மணப்பொண்ணுன்னு உக்காந்திருக்காங்களே, இவங்கதான் எங்க அண்ணி!"

கட்டின பெண்டாட்டியையே இன்னொரு தடவை கட்டிக்கொள்ள இந்தச் சட்டத்தில் எந்தத் தடையும் இல்லை என்று பதிவாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொல்லி முடிப்பதற்குள், "அப்பாடா!" என்று பேனாவைப் பாய்ந்து எடுத்துக் கையெழுத்தைப் போட்டுவிட்டாள் அக்கா.